1738 வெள்ளிக் காபிக் கெண்டி: அடியில் இருப்பது யார் பெயர்?

தேம்ஸ்கரை எழுதியது:

நண்பர்களே, இந்தப் பகுதியில் நாணயமும் விளக்கும்தான் அதிகம் பேசுகிறோம். பல வருடமாக என் மனதில் இருக்கும் ஒரு காபிப் பாத்திரத்தைப் பற்றி இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2013 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு வெள்ளிக் காபிப் பாத்திரம் 44 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய். இங்கிலாந்தில் செய்த வெள்ளிச் சாமான் எதுவும் அதுவரை ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. 1738இல் லண்டனில் செய்தது. முத்திரை பால் டி லாமெரி என்ற தட்டாருடையது. செய்யச் சொன்னவர் சர் ஜான் லெக்கேன் என்ற வணிகர். அந்த வருடம்தான் அவருக்குக் கல்யாணம். பாத்திரத்தில் அவர் குடும்பச் சின்னமும் மனைவி வீட்டுச் சின்னமும் ஒன்றாகப் பொறித்திருக்கிறது. வயிறு பருத்து, கழுத்து குறுகி, உடம்பெல்லாம் சுருளும் அலையுமாக, நடுவே குழந்தை உருவங்கள் எட்டிப் பார்க்கும். படத்தில் பார்த்தாலே வெள்ளி இளகி ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

லெக்கேன், லாமெரி இரண்டு பேருமே அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு 1598இல் கொடுத்த பாதுகாப்பை 1685இல் பதினான்காம் லூயி திரும்ப எடுத்துக்கொண்டார். ஹியூகனோ என்று சொல்லப்படும் அந்த மக்கள் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினார்கள். நெசவாளர், கடிகாரக்காரர், தட்டார் எனக் கைத்தொழில் தெரிந்தவர்கள் அவர்களில் ஏராளம். லாமெரி 1688இல் நெதர்லாந்தில் பிறந்து கைக்குழந்தையாக லண்டன் வந்தவர். 1703இல் பியர் பிளாட்டெல் என்ற இன்னொரு ஹியூகனோ தட்டாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1713இல் தட்டார் சங்கத்தில் உரிமை பெற்று விண்ட்மில் தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். 1738இல் ஜெரார்ட் தெருவுக்கு மாறினார். லண்டனில் இருப்பவர்களுக்குத் தெரியும், இன்றைக்கு அது சைனாடவுன் நடுவில் இருக்கிறது. 1751இல் அங்கேயே காலமானார்.

இப்போது கேள்வி. இவ்வளவு பெரிய விலை போன பாத்திரத்தை லாமெரி தன் கையால் செய்தாரா?

---

நெல்லை கணக்கன் எழுதியது:

நல்ல இழை. முதலில் விலைக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வெள்ளிச் சாமானுக்கு இரண்டு தொகை போடுவார்கள். ஒன்று எடைக்கு, ஸ்டெர்லிங் வெள்ளி அவுன்சுக்குச் சுமார் 5 ஷில்லிங். இன்னொன்று வேலைப்பாட்டுக்கு. நம் ஊரில் செய்கூலி என்று சொல்வதேதான். எளிய தட்டுக்கு எடைதான் பெரிய தொகை. லாமெரி மாதிரி ஆட்களிடம் போனால் செய்கூலி ஏறிக்கொண்டே போகும். 2013இல் 44 லட்சம் பவுண்டு கொடுத்தவரும் முழுக்க முழுக்கச் செய்கூலிக்குத்தான் கொடுத்திருக்கிறார், வெள்ளிக்கு அல்ல.

---

மயிலை வாசகி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். தேம்ஸ்கரை சார் 'காபிக் கெண்டி' என்று தலைப்பு வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாரும் 'கூஜா' என்று எழுதிவிடுகிறார்கள். கூஜாவுக்கு மூடியும் மேலே தூக்கும் பிடியும் உண்டு, மூக்கு கிடையாது. மூக்கு வைத்ததுதான் கெண்டி. அதோடு பக்கத்தில் ஒரு பிடி சேர்ந்தால் இந்தப் பாத்திரம். நம்மிடம் சொல் இருக்கும்போது எதற்கு விட வேண்டும்?

சார், பிடி மரம்தானே? படத்தில் கறுப்பாகத் தெரிகிறது.

---

தேம்ஸ்கரை எழுதியது:

ஆமாம் மேடம், மரம்தான். உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. பிடியும் வெள்ளியாக இருந்தால் கொதிக்கும் காபியோடு தொட முடியாது. அதனால் மேலும் கீழும் இரண்டு வெள்ளிக் குழல்களைப் பற்றவைத்து, அவற்றில் மரத்தைச் செருகி ஆணி அடிப்பார்கள். மரம் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். பழைய கெண்டிகள் பலவற்றில் வெள்ளிக்குத்தான் 300 வயது, பிடி பிற்பாடு போட்டதாக இருக்கும்.

---

பட்டறைவீடு எழுதியது:

வணக்கம். இந்த இழையை நேற்று இரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்குத் தஞ்சாவூர். தாத்தா காலத்திலிருந்து தட்டு வேலை, வெள்ளிப் பாத்திர வேலை. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அப்பா 70 வயதைத் தாண்டியும் இன்னும் பட்டறையில் உட்காருகிறார்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஒரு கை வேலை இல்லை" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

உடம்பு தகட்டிலிருந்து எழுப்பியது. வட்டத் தகட்டைக் கம்பத்தின் மேல் வைத்து, வெளிப்பக்கம் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்து மேலே கொண்டுவர வேண்டும். நாலு சுற்று அடித்தால் வெள்ளி இறுகிவிடும். உலையில் வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, ஆற்றி, மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் காய்ச்சாமல் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விழும். இப்படிப் பல தடவை. கழுத்தைக் குறுக்குவதுதான் கடினம், ஏனென்றால் தகடு அங்கே தடித்துக்கொண்டே போகும். இதைச் செய்கிறவனுக்குத் தோள் பலம் வேண்டும், கண் அளவு வேண்டும். பூ வேலை தெரிய வேண்டியதில்லை.

மூக்கும் காலும் வார்ப்பு. முதலில் மாதிரி செய்து, மணலில் அச்சு எடுத்து, வெள்ளியை ஊற்றி எடுப்பது. மூக்கை இரண்டு பாதியாக வார்த்து நடுவில் பற்றவைப்பார்கள். மாதிரி செய்கிறவன் சிற்பி மாதிரி, அவன் சுத்தியலே தொட வேண்டியதில்லை.

அப்புறம் செதுக்கு வேலை. பாத்திரத்துக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, ஆறியபின் வெளியிலிருந்து சிற்றுளியால் பள்ளம் மேடு கொடுப்பது. எங்கள் தஞ்சாவூர்த் தட்டிலும் கீழே அரக்குதான், அது இடம் கொடுக்கும், ஆனால் ஓடாது. தட்டு என்றால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து உந்தலாம். கெண்டியின் வாய் சின்னது, உள்ளே கை போகாது. அதற்கு ஒரு நீண்ட இரும்பு, முனை மேல்நோக்கி வளைந்தது. ஒரு பக்கத்தை இறுகப் பிடித்து, மறுமுனையைப் பாத்திரத்துக்குள் விட்டு, வெளியே இருக்கும் பகுதியில் சுத்தியலால் தட்டினால் அதிர்வில் முனை துள்ளி உள்ளிருந்து இடிக்கும். பார்க்காமலே அடிக்க வேண்டும். எங்கே இடிக்கிறது என்று வெளியே வைத்த விரல்தான் சொல்லும். குழந்தை முகம் மாதிரிப் புடைப்பு வர வேண்டும் என்றால் இந்த வேலையிலேயே ஊறியவனாக இருக்க வேண்டும்.

குடும்பச் சின்னம் பொறிப்பது இன்னொருத்தன். அவன் உளியை அடிக்கமாட்டான், தள்ளிச் சீவுவான். வெள்ளி மயிர் போல வெளியே வரும்.

அப்பா கணக்கில் குறைந்தது ஐந்து பேர். "லாமெரி பட்டறைக்காரர். எந்த வேலை யாருக்கு என்று தெரிந்தவர். அதுவும் ஒரு வித்தைதான்" என்றார்.

---

நெல்லை கணக்கன் எழுதியது:

பட்டறைவீடு தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அதை மூன்று தடவை படித்தேன்.

---

தேம்ஸ்கரை எழுதியது:

உங்கள் அப்பா படத்தை வைத்தே சொன்னதை இங்கே ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். லாமெரி பட்டறையில் 1730களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பத்து வருடம் ஒரு அபாரமான கை இருந்திருக்கிறது. குழந்தை உருவங்கள், சிங்க முகங்கள், நுரைத்துச் சுருளும் ஓரங்கள் எல்லாம் ஒரே ஆளின் மனதிலிருந்து வந்தவை என்று பார்த்தவுடன் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. 1736இல் மேனார்ட் பிரபுவுக்குச் செய்த ஒரு பெரிய தட்டில் அந்தக் கை நன்றாகத் தெரிவதால் 'மேனார்ட் மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாங்கினவர் பெயரைச் செய்தவருக்கு வைத்திருக்கிறார்கள்! 1741இல் லண்டன் தட்டார் சங்கமே தனக்கென்று லாமெரியிடம் செய்துகொண்ட பன்னீர்ச் செம்பும் தாம்பாளமும் அந்தக் கையின் வேலை என்றே கருதப்படுகிறது. எந்த நாட்டிலிருந்து வந்தார், எங்கே போனார், ஒன்றுமில்லை.

பொறிப்பு வேலைக்கும் அப்படித்தான். பிரதமர் வால்போலுக்காக 1728இல் லாமெரி செய்த தட்டு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள பொறிப்பு ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் வேலை என்று கருதுகிறார்கள். ஹோகார்த் ஓவியராவதற்கு முன் வெள்ளியில் பொறிக்கும் தொழில்தான் பழகினார். அவர் பிற்பாடு புகழ் பெற்றதால் பெயர் மிஞ்சியது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

---

மயிலை வாசகி எழுதியது:

அப்படியானால் முத்திரை பொய் சொல்கிறதா?

---

நெல்லை கணக்கன் எழுதியது:

இல்லை மேடம். அங்கேதான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். முத்திரை 'நான் செய்தேன்' என்று சொல்லவில்லை, 'இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்கிறது.

அந்தக் காலத்து லண்டன் வெள்ளியில் பொதுவாக நாலு முத்திரை பார்க்கலாம். கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரம், அதாவது 1000க்கு 925 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஒரு எழுத்து ஆண்டைக் குறிக்கும். அப்போது அது மே மாதக் கடைசியில் மாறும், அதனால்தான் புத்தகங்களில் 1738-39 என்று இரட்டையாகப் போடுகிறார்கள். நாலாவது பட்டறைக்காரர் முத்திரை. மாற்று குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக வைத்த சட்டம் இது. கலைஞனைக் கொண்டாட வைத்ததல்ல.

1697இல் தரத்தை 958க்கு உயர்த்தினார்கள், பிரிட்டானியா தரம் என்று பெயர். நாணயத்தை உருக்கிப் பாத்திரம் செய்துகொண்டிருந்ததைத் தடுக்க வந்தது. அப்போது பட்டறைக்காரர் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பொறிக்க வேண்டும். அதனால் லாமெரியின் முதல் முத்திரையில் 'லா'வுக்கான இரண்டு எழுத்து, மேலே கிரீடமும் நட்சத்திரமும், கீழே ஒரு லில்லிப்பூ. 1720இல் ஸ்டெர்லிங்கைத் திரும்ப அனுமதித்த பிறகும் அவர் பத்து வருடத்துக்கு மேல் உயர்ந்த தரத்திலேயே செய்துகொண்டிருந்தார். 1733இல்தான் ஸ்டெர்லிங் முத்திரையைப் பதிவு செய்தார்.

---

தேம்ஸ்கரை எழுதியது:

கணக்கன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது லாமெரியின் பேருக்கு இழுக்கு என்று சிலர் பேசாமல் விடுவார்கள், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம்.

பட்டறை தொடங்கிய சில வருடங்களிலேயே தட்டார் சங்கம் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. பெரிய பெரிய சாமான்களை முத்திரைக்குக் கொண்டுவராமலே விற்கிறார் என்பது ஒரு புகார். 1716இல் வந்த இன்னொரு புகார், 'அந்நியர்' செய்த வேலையைத் தன் வேலை என்று காட்டி முத்திரை வாங்கிக் கொடுத்தார் என்பது. அந்நியர் என்றால் சங்கத்தில் உரிமை இல்லாதவர்கள். அகதிகளாக வந்திறங்கிய கைவினைஞர்கள் பலருக்குச் சொந்த முத்திரை கிடையாது, முத்திரை இல்லாமல் விற்கவும் முடியாது. முத்திரை உள்ளவர் ஒருவர் தன் பெயரைக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். லாமெரி அதில் லாபம் பார்த்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய முத்திரைக்கு அடியில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது 1716லேயே சங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு நாம்தான் மறந்துவிட்டோம்.

---

நெல்லை கணக்கன் எழுதியது:

வரி விஷயமும் உண்டு. 1720 முதல் அவுன்சுக்கு 6 பென்ஸ் வரி. ஒரு அவுன்ஸ் வெள்ளியே சுமார் 62 பென்ஸ் (5 ஷில்லிங் 2 பென்ஸ்) என்றால், பத்தில் ஒரு பங்கு. இதைத் தவிர்க்கச் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சின்னச் சாமான் ஒன்றைக் கொடுத்து முத்திரை வாங்குவது, அந்த முத்திரைத் துண்டை வெட்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைப்பது. லாமெரி பட்டறையிலிருந்து வந்த இப்படிப்பட்ட சாமான்களும் கிடைத்திருக்கின்றன. அந்த வரியை 1758இல் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் பழைய ஆங்கில வெள்ளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அடியில் ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரத்தில் பற்றவைத்த கோடு சில சமயம் தெரியும். ராஜா தலை முத்திரை இருந்தால் அது 1784 டிசம்பருக்கு முன் போட்டதாக இருக்க முடியாது. அந்த முத்திரையே அப்போதுதான் வந்தது.

---

மயிலை வாசகி எழுதியது:

நம்மூர் பக்கம் கொஞ்சம் வருகிறேன், தொடர்பு இருக்கிறது.

என் மாமியார் வீட்டில் ஒரு வெள்ளிக் காபிக் கெண்டி உண்டு. சுற்றிலும் தெய்வ உருவங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாடத்துக்குள் நிற்கும். 'சுவாமி' வேலை என்று அதைச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது. அந்த வேலைக்குப் பேர் போன கடை மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் இந்தியா வந்துபோன பிறகு இந்தப் பாணிக்கு மவுசு இன்னும் கூடியது. டீ செட், காபி செட், தாம்பாளம் எல்லாம் கப்பல் ஏறின. அச்சு அசலான ஆங்கிலேயப் பாத்திர வடிவம், உடம்பில் நம் கோயில் தூண் சிற்பம். செய்தவர்கள் நம் ஊர்க் கைவினைஞர்கள். அடியில் கடை பெயர். இங்கிலாந்து மாதிரிச் சோதித்து முத்திரை போடும் சட்டமும் அப்போது இங்கே இல்லை, அதனால் கடைப் பெயர் ஒன்றுதான் சாட்சி.

எங்கள் கெண்டியில் அதுவும் இப்போது இல்லை. பத்து வருடம் முன்பு ஒரு கடையில் பாலீஷ் போடக் கொடுத்தோம். சக்கரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். அடியில் இருந்த எழுத்து மழுங்கிப் போய்விட்டது, முருகன் முகத்தில் மூக்கும் தட்டையாகிவிட்டது. கறுத்தே இருந்திருக்கலாம். இன்றைக்கும் எடுத்துப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தயவுசெய்து யாரும் பழைய வெள்ளியைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள். கறுப்பு என்பது மேலே படியும் மெல்லிய படலம்தான், தேய்க்கத் தேய்க்கப் போவது வெள்ளி.

---

பட்டறைவீடு எழுதியது:

மேடம், முகம் தேய்ந்ததைக் கேட்டு அப்பா வருத்தப்பட்டார். மென்மையான துணி, கொஞ்சம் சீமைச்சுண்ணாம்புத் தூள், தண்ணீர், இது போதும் என்கிறார். பள்ளத்தில் இருக்கும் கறுப்பை எடுக்கக் கூடாது, அது இருந்தால்தான் மேடு எழும்பித் தெரியும்.

கடைப் பெயர் விஷயத்தில் எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா நகரத்தில் ஒரு பெரிய கடைக்கு வெள்ளிக் குடம் ஒன்று செய்து கொடுத்தார். சுற்றிலும் தசாவதாரம், நாலு மாதம் ஆனது. பிறகு ஒரு கண்காட்சியில் அது வைக்கப்பட்டது என்று கேள்விப்பட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சீட்டில் கடை பெயர், எடை, விலை. அம்மா, "உங்க பேரு எங்கேங்க?" என்று கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "கூலி சரியாகக் கொடுத்தார்கள்" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் மேனார்ட் மாஸ்டர் கதையை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

---

தேம்ஸ்கரை எழுதியது:

தம்பி, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் விட்டுவிட்டேன்.

ஒரு தகவல் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். லாமெரிக்குத் தொழிலை எடுத்து நடத்த மகன்கள் யாரும் மிஞ்சவில்லை. உயிலில், கையில் இருக்கும் முடியாத வேலைகளை முடித்து, பிறகு சரக்கை ஏலம் விடச் சொல்லியிருக்கிறார். முடிக்க வேண்டியவர் என்று பட்டறை ஆளின் பெயரையே எழுதியிருக்கிறார்: சாமுவேல் காலின்ஸ். பாத்திரத்தின் அடியில் இடம் கிடைக்காத ஒரு பெயர் உயிலில் இருக்கிறது.

சனிக்கிழமை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போகிறேன். அங்கே 1681இல் செய்த வெள்ளிக் காபிக் கெண்டி இருக்கிறது, இங்கிலாந்தில் இப்போது அறியப்படுவதிலேயே பழையது. முத்திரை ஜார்ஜ் கார்தோர்னுடையது. மெட்ராஸ் கோட்டையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒரு வேலைப்பாடும் கிடையாது, மேலே குறுகும் வெறும் உருளை, கூம்பு மூடி. அதே வடிவத்தில் கம்பெனிக்குக் கொடுத்த 1670ஆம் வருடப் பாத்திரம் ஒன்றும் அங்கே உண்டு. அதன் மேலே 'டீ' என்று பொறித்திருக்காவிட்டால் காபிக்கு என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். லண்டனில் முதல் காபிக் கடை வந்தது 1652இல். முப்பது வருடத்தில் வெள்ளிப் பாத்திரம், அதற்கு அடுத்த அறுபது வருடத்துக்குள் லாமெரியின் கெண்டி.

உங்கள் அப்பா கூட வந்தால் எதைப் பார்ப்பார்? கேட்டுச் சொல்லுங்கள்.

---

பட்டறைவீடு எழுதியது:

கேட்டேன். அடியைத் திருப்பிக் காட்டமாட்டார்களே என்று முதலில் கவலைப்பட்டார். அப்புறம் சொன்னார்: மூக்கு உடம்போடு சேரும் இடத்தை, முக்கியமாக மூக்குக்கு அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஊதுகுழலின் தீ சரியாகப் போய்ச் சேராது, பற்றவைக்கும் பொடி உருகி ஓடுவதும் கஷ்டம். அந்த இணைப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எங்காவது சின்ன வழிசல் இருக்கிறதா, அதை அரம் போட்டு எடுத்திருக்கிறானா, விட்டிருக்கிறானா. மூடியின் கீலையும் பார்க்க வேண்டுமாம், எத்தனை கண்ணி என்று எண்ணி.

முடிந்தால் அந்த இணைப்பை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் சார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்றாலும் பரவாயில்லை.